பெரட்டுக்குக் கூப்பிட்ட சங்கு

பாலத்துக்கு இந்தப் பக்கம் பஞ்சாயத்து ஒரு பலகை நட்டிருக்கிறது. 'நெட்டியாறு: வரலாறும் இயற்கையும்' என்று மலையாளத்திலும் இங்கிலீஷிலும் விஸ்தாரமாக எழுதி, போனால் போகிறதென்று கீழே தமிழிலும் நாலு வரி. வெள்ளைக்காரத் துரை தேயிலை போட்ட கதை, மலையாளக் கணக்கில் 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்' என்கிற 1924 வெள்ளத்தில் பழைய பாலம் போய் ஒற்றைத் தூண் மட்டும் மிச்சமான கதை, சோலைக்காட்டில் என்னென்ன குருவி உண்டு என்கிற பட்டியல். சுற்றுலா வருகிறவர்கள் தூணோடு ஒரு போட்டோ, பலகையோடு ஒரு போட்டோ எடுத்துவிட்டு என் கடையில் டீ குடிக்கிறார்கள். பலகையில் பெரியமுத்துவின் பெயர் இல்லை. எந்த ஊரும் தன் வெட்கக்கேட்டை எழுதிப் பாலத்தில் மாட்டிவைக்காது. அதனால் நான் சொல்கிறேன். நான் கபிரியேல், பாலத்து முக்கில் டீக்கடையும் பலசரக்கும் வைத்திருப்பவன். நல்லவன் சொல்கிறான் என்று நினைத்துக் கேட்காதீர்கள்.

ஊரின் கிடப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். தேவிகுளம் தாலுகாவில் இரண்டு மலைகளுக்கு நடுவே இறங்கி வருகிறது நெட்டியாறு. பெரிய ஆறு ஒன்றும் இல்லை. கோடையில் முழங்கால் அளவு தண்ணீர், பாறைக்குப் பாறை தாவியே கடந்துவிடலாம். ஆற்றின் மேல் பாலம், பாலத்தை ஒட்டி எங்கள் பஜார், அதற்குக் கொஞ்சம் கீழே ஆறு திரும்புகிற இடத்தில் ஒரு சமதளம். மலையில் சமதளம் குதிரைக்கொம்பு. அதைப் பார்த்த துரை அங்கேயே பெரட்டுக்களம் வைத்துவிட்டான். காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் எழுதி, யார் எந்தக் காட்டுக்குக் கொழுந்தெடுக்கப் போகவேண்டும் என்று பிரித்துவிடுவதுதான் பெரட்டு. ஆட்கள் குடியிருக்கும் லயங்கள் மேலே சரிவில், ஆற்றுத் தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கின்றன. தூங்குகிற இடம் பத்திரமாகவும் வேலைக்குக் கூடுகிற இடம் ஆற்றின் வாயிலும் அமைந்துவிட்டன. நூறு வருஷமாக இதில் யாருக்கும் ஒரு தப்பும் தெரியவில்லை.

ஆட்களைக் கூப்பிட ஃபேக்டரிச் சங்கு உண்டு. காலை ஏழு மணிக்கு அது ஊதினால் லயத்துக் கதவெல்லாம் திறக்கும். கழுகுமலை, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து போடிமெட்டு ஏறி வந்த பாட்டன்மார் காலம் தொட்டு அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்: கீழே வா. பால் குடிக்கிற பிள்ளையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வரவேண்டும். பிந்தினால் அரைப்பேர்தான் எழுதுவார்கள், மீதிப் பாதி நாள் வேலை பார்த்தும் பார்க்காத மாதிரி.

அந்தச் சங்கை இருபத்தாறு வருஷம் ஊதியவன் பெரியமுத்து. ஃபேக்டரியில் பாய்லர்காரன். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோலப் பேச்சில் கஞ்சன். பெண்டாட்டி மாரித்தாய் கொழுந்தெடுப்பவள். ஒரே மகள் முருகேஸ்வரி. பன்னிரண்டாவது முடித்துவிட்டு, நர்சிங் சேரும்வரை சும்மா இருப்பானேன் என்று அவளும் தற்காலிக ஆளாகக் கொழுந்துக்குப் போனாள். சங்கு ஊதியதும் "எங்கப்பா கூப்பிடுது, எங்கப்பா கூப்பிடுது" என்று கத்திக்கொண்டே என் கடைப் பக்கமாக ஓடுவாள். லயத்துப் பெண்களில் முதலில் களத்தில் நிற்பவள் அவள்தான். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

2018 ஆகஸ்டில் மூன்று நாள் விடாத மழை. கரண்ட் இல்லை. போன்கள் செத்துக் கிடந்தன. வேலையும் நின்றுவிட்டது. மழை வெறித்தால் சங்கு ஊதும், அப்போது வந்தால் போதும் என்று சூப்பர்வைசர் லயம் லயமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நாலாம் நாள் விடியும்போது பெரியமுத்து ஃபேக்டரியில் இருந்தான். ஃபேக்டரி மேட்டில் இருக்கிறது, அங்கிருந்து ஆறு நன்றாகத் தெரியும். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஆறு சுருங்குவதைப் பார்த்தான். ராத்திரி முழுக்க மூடிக்கிடந்த பாறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மலையாற்றங்கரையில் வளர்ந்தவனுக்கு இது என்னவென்று தெரியாமல் போகாது. மேலே எங்கோ மண் சரிந்து ஆற்றை அடைத்துவிட்டது. அடைப்பு உடைந்தால் தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஒரேயடியாக வரும். பஜாரில் நாங்கள் நாற்பது பேர் தூங்கிக்கொண்டிருந்தோம். ஓடிவந்து எழுப்ப அரைமணி நேரம் ஆகும். மேனேஜர் பங்களாவுக்குப் போய் உத்தரவு கேட்டுவர அதைவிட அதிகம். ஜெனரேட்டரைப் போட்டான். சங்கை நிறுத்தாமல் ஊதினான்.

பஜார்க்காரர்களான எங்களுக்குப் பெரட்டு கிடையாது. சங்கு எங்களை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அதனால் அது அகாலத்தில் அலறியதும், என்ன எழவு இது என்று எட்டிப் பார்த்தோம். ஆறு வற்றிக் கிடந்தது. என் மனைவி அன்னமேரிதான் முதலில் கத்தினாள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மாதா கோயில் மேட்டுக்கு ஏறினோம். நாற்பது பேரில் ஒருவருக்குச் சிராய்ப்புகூட இல்லை.

லயத்துக்காரர்கள் கீழே இறங்கினார்கள். மூன்று நாள் முடங்கிக் கிடந்தவர்கள், கம்பெனி வேலைக்குக் கூப்பிடுகிறது என்று நினைத்தார்கள். மணி பார்க்க போன் இல்லை. வானமோ மூடிக் கிடந்தது. அரைப்பேர் விழுந்துவிடக் கூடாதே என்று மழைப் படுதாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கொழுந்துப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்த ஏழு பெண்கள் களத்தில் வரிசையாக நின்றபோது தண்ணீர் வந்தது. வரிசையில் முதல் ஆள் முருகேஸ்வரி. மாரித்தாய் பாதி வழியில் நின்று காலில் ஏறிய அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது களம் இல்லை.

சங்கு ஊதாமல் இருந்திருந்தால் அந்த ஏழு பேரும் இருந்திருப்பார்கள், நாங்கள் நாற்பது பேர் போயிருப்போம். இது சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் ஊருக்கு அது வேண்டியிருக்கவில்லை, ஒரு தலைதான் வேண்டியிருந்தது. கம்பெனி அவனுக்கு மெமோ கொடுத்தது: உத்தரவில்லாமல் சங்கை இயக்கினான். விசாரணை என்று நாலு முறை உட்கார வைத்தார்கள். பெரட்டுக்களத்தை ஆற்றின் வாயில் வைத்தது யார் என்று அந்த நாலு முறையிலும் ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் வயதைக் காட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். சங்கைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். பெரட்டுக்களத்தை மட்டும் மூன்றாம் மாதமே அதே இடத்தில் கான்கிரீட் போட்டுத் தகரம் வேய்ந்து புதுசாக்கினார்கள். அதன்பின் சங்குக்குப் பதில் சூப்பர்வைசரின் விசில்.

ஊர் அவனுக்குச் 'சங்கூதி' என்று பேர் வைத்தது. ஊர் என்று சொல்லி நான் ஒளிந்துகொள்ளக் கூடாது. வைத்தவன் நான். வெள்ளத்தில் போன கடையைப் புதுசாகக் கட்டித் திறந்த வாரம், டீ ஆற்றிக்கொண்டே, "ஏழு பேருக்குச் சங்கூதிட்டு எட்டாவது ஆளத் தேடி வாரான் பாரு" என்றேன். கடையே சிரித்தது. அவன் வாசலில்தான் நின்றிருந்தான். கேட்டுவிட்டுத் திரும்பிப் போனான். எந்தச் சத்தத்தால் நான் உயிரோடு நின்று டீ ஆற்றினேனோ அதைச் சொல்லித்தான் சிரித்தேன். உயிரைக் காப்பாற்றியவன் முகத்தைத் தினமும் பார்ப்பது கஷ்டமாக இருந்தது, அவ்வளவுதான்.

மாரித்தாய் அவனோடு பேசுவதை நிறுத்தினாள். திட்டவில்லை, மண்ணைவாரித் தூற்றவில்லை. சோறு பொங்கினாள், துணி துவைத்தாள், தட்டை அவன் முன்னால் 'டங்'கென்று வைத்தாள். ஏழு வருஷம் அந்த வீட்டில் கேட்ட பேச்சு அந்தத் தட்டுச் சத்தம்தான். அவள் வேலையில் இருந்ததால் லயத்து வீடு அவள் பேரில் இருந்தது. அவனை வெளியே போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட அவள் வாயைத் திறக்கவில்லை.

போன வருஷம் சித்திரையில் பஜாரில் ஒரு கம்பம் நட்டு மேலே புதுச் சைரன் வைத்தார்கள். வெள்ளம், மண்சரிவு என்றால் ஊதும், எல்லாரும் உடனே மாதா கோயில் மேட்டுக்கு ஏறவேண்டும், லயத்துக்காரர்களும் மேல்வழியாக அங்கே வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. கோயில் ஹாலில் கூட்டம் போட்டு, அரைநிமிஷம் ஊதிக் காட்டினார்கள். அதே அலறல், பழைய ஃபேக்டரிச் சங்கின் கூடப்பிறந்தது போல.

பின்வரிசையிலிருந்து பெரியமுத்து எழுந்தான். அவன் ஊர்க்கூட்டத்தில் பேசி நான் பார்த்ததே இல்லை.

"சார், சத்தத்த மட்டும் மாத்துங்க."

வந்திருந்த அதிகாரிக்கு விளங்கவில்லை. வார்டு மெம்பர் ஜோபி, எங்கள் ஊர்ப் பையன்தான், மலையாளத்தில் எடுத்துச் சொன்னான். அதிகாரி சிரித்தார்.

"சைரன் எல்லா இடத்திலும் இதே சவுண்டுதான். பின்னே என்ன, பாட்டு வைக்கவா?"

"பாட்டாச்சும் வைங்க சார். இந்தச் சத்தம் வேண்டாம். இதக் கேட்டா எங்க சனத்துக்குக் காலு கீழ போவும். மண்டைக்கித் தெரியும், மேல போணும்னு. காலுக்குத் தெரியாது. அது நூறு வருசமாப் பழகுன காலு."

ஹாலே சிரித்தது. "சங்கூதிக்குச் சங்கக் கண்டாப் பயம்" என்று யாரோ சொன்னார்கள். இந்த முறை நான் சிரிக்கவில்லை. சிரிக்காததைத் தவிர வேறு ஒன்றும் செய்யவும் இல்லை.

அவன் விடவில்லை. மனு எழுதிக்கொண்டு பஸ் ஏறித் தேவிகுளம் வரை மூன்று நடை போய் வந்தான். எந்த வாசலில் நின்றான், என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வருகிறபோது முகமே சொல்லிற்று. பிறகு வேறு வழி பிடித்தான். லயம் லயமாக, கதவு கதவாகப் போனான். "சங்கு ஊதுனா கீழ போவாதீங்க, மேல போங்க. பையத் தொடாதீங்க. பையத் தொட்டா காலு களத்துக்குப் போயிரும்" என்று பிச்சைக்காரன் மாதிரி ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னான். மகளைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்கள் சிலர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவுக்கு வெளியே நின்றும் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தான். சொல்லச் சொல்லக் கரைந்தது ஊர். பிள்ளைகள் அதையே விளையாட்டாக்கிக்கொண்டு, ஒருவன் ஊளையிட மற்றவர்கள் மேட்டுக்கு ஓடினார்கள்.

வைகாசியில் ஒத்திகை நடந்தது. முதல்நாளே ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லியிருந்ததால் எல்லாரும் தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு மேலே போனார்கள். பேப்பரில் படம் வந்தது. மாரித்தாய் மட்டும் வரவில்லை. புருஷன் ஊரைக் கூட்டிச் செய்கிற எதிலும் கலப்பதில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

அன்று ஜோபி அவனிடம் கேட்டான், நான் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணாச்சி, அக்காகிட்ட எல்லாம் சொல்லியாச்சுல்ல?"

"அவளுக்குத் தெரியும்" என்றான் பெரியமுத்து.

பொய். எல்லா வாசலிலும் நின்று கெஞ்சியவனுக்குத் தன் வீட்டு வாசலில் வாய் வரவில்லை. ஏழு வருஷம் பேசாதவளிடம் எடுத்த எடுப்பில் சங்கைப் பற்றியா பேசுவான்? அன்னமேரி சொல்லியிருக்கலாம், ஜோபி சொல்லியிருக்கலாம், கடைக்குத் தினமும் வருகிறவளிடம் நான் சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் சொன்னவன் சொந்த வீட்டில் சொல்லாமலா இருப்பான் என்று எல்லாரும் இருந்துவிட்டோம்.

ஆடி பிறந்து மழை பிடித்தது. கரண்ட் போயிற்று, தோட்டத்து வேலை இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் விடிகாலை பெரியமுத்து ஆற்றைப் பார்க்கப் போனவன் ஓடிவந்து ஜோபியின் கதவைத் தட்டினான். மழைக்குள்ளே ஆறு மறுபடியும் சுருங்கியிருந்தது.

"அமுக்கு" என்றான். ஜோபி தன் பொறுப்பில் இருந்த பட்டனை அமுக்கினான். பேட்டரியில் ஓடுகிற சைரன், நன்றாகவே அலறியது. ஏழு வருஷம் முன்பு ஊதியவனும் அவன்தான், இப்போது ஊதச் சொன்னவனும் அவன்தான்.

ஊர் மேலே வந்தது. பஜார் வந்தது, லயங்கள் மேல்வழியாக வந்தன. கிழடுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் முதுகிலும் பை இல்லை. கோயில் படிக்கட்டில் நின்று பெரியமுத்து ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு வருஷத்தில் அவன் முகம் முதல்முறையாக இளகியதை அன்றுதான் பார்த்தேன். என்னைப் பார்த்துத் தலையைக்கூட அசைத்தான். எனக்கு அழுகை வந்தது.

அப்போது அன்னமேரி கேட்டாள், "மாரித்தாயக்கா எங்க?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். மேட்டிலிருந்து பார்த்தால் லயத்திலிருந்து களத்துக்கு இறங்கும் படி முழுக்கத் தெரியும். மழைக்குள் ஒரு நீலப் படுதா இறங்கிக்கொண்டிருந்தது. இடுப்பில் இறுக்கக் கட்டிய படுதா, முதுகில் பை. வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, தினமும் போகிற நடை. முப்பது வருஷம் அந்தச் சத்தத்துக்குப் போன நடை.

"ஏ மாரி!" என்று அவன் போட்ட சத்தம் ஆற்றைத் தாண்டவில்லை. படிக்கட்டில் பாய்ந்தான். நான் இடுப்பைச் சேர்த்துப் பிடித்தேன்.

"விடுலே! கபிரியேலு, விடுலே! நான் போணும்."

"போனா நீயும் போயிருவடா, எட்டாதுடா."

என் கையைக் கடித்தான். தழும்பு இப்போதும் இருக்கிறது. இன்னும் இரண்டு பேர் வந்து காலைப் பிடித்தார்கள். மூன்று பேர் அமுக்கிப் பிடித்திருக்க, அவன் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். மாரித்தாய் களத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். தகரத்துக்கு அடியில், வழக்கமாக வரிசை தொடங்குகிற இடத்தில் நின்றாள். யாரும் வராததைக் கண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். தண்ணீர் வந்தது.

மூன்றாம் நாள் வெகுதூரம் கீழே, ஒரு பாறையிடுக்கில் கிடைத்தாள். பையின் முடிச்சு அவிழவில்லை. அன்னமேரிதான் அவிழ்த்தாள். அறிக்கையில் எழுதினார்கள்: முன்னறிவிப்பு வெற்றி, எச்சரிக்கையைப் பொருட்படுத்தாத ஒருவர் மட்டும் மரணம். படித்தபோது எனக்கு அந்தத் தாளைக் கிழித்து எழுதியவன் வாயில் திணிக்க வேண்டும் போல இருந்தது. அந்த ஊரில் அன்று சங்குக்குக் கீழ்ப்படிந்தவள் அவள் ஒருத்திதான். அடுத்த மாதமே சைரனின் சத்தத்தை மாற்றினார்கள். இப்போது ஆம்புலன்ஸ் மாதிரி விட்டுவிட்டுக் கத்துகிறது. அவன் மூன்று நடை நடந்து கேட்டபோது முடியாதது, ஒரு பொணம் விழுந்ததும் ஒரே மாதத்தில் முடிந்தது.

லயத்து வீடு அவள் பேரில் இருந்தது என்று சொன்னேன் அல்லவா, கருமாதி முடிந்த மறுவாரம் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். என் கடை மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, வந்து இரு என்று ஆளனுப்பினேன். அவன் கோயிலுக்குப் பின்னால் விறகு அடுக்கும் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டான்.

என்னோடு பேசுவதில்லை. டீத்தூள் வாங்க மட்டும் வருவான். தகர டப்பாவைக் கல்லாமேசையில் 'டங்'கென்று வைப்பான். நான் நிரப்பிக் கொடுப்பேன், எடுத்துக்கொண்டு போவான். அந்தச் சத்தம் எங்கிருந்து கற்றது என்று எனக்குத் தெரியும். ஏழு மாதம் பொறுத்தேன். போன வாரம் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"ஏண்டா, நான் பண்ணுனது தப்பா? ஒன் உசுரக் காப்பாத்துனது தப்பாடா? சொல்லேன்!"

கடையில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். பெரியமுத்து டப்பாவிலிருந்து கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை. நிதானமாகத்தான் சொன்னான்.

"அன்னிக்கி நான் ஒன்ன எழுப்பாம விட்டுருக்கணும், கபிரியேலு. எம்மவ இருந்துருப்பா. இவளும் இருந்துருப்பா. என்னப் புடிக்க நீ இருந்துருக்க மாட்ட."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. டப்பாவை நிரப்பி மூடியை அமுக்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறிப் போனான்.